தாழ்த்திய கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்: ஐந்து வழிகளின் ஒப்பீடு

காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி உயரத்தைக் குறைத்தவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று அடிக்கடி திரும்பி வருகிறது. "35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். இடப்பக்கம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, வலப்பக்கம் மட்டும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. ஒரு பட்டறையில் ஸ்பேசர் வைக்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஸ்பிரிங்கையே மாற்றச் சொல்கிறார்கள், நண்பர்கள் காயிலோவர் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?" என்பதே அதன் சாரம்.

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்கோடு வைத்து உயரத்தைக் கூட்டும் வளையம்; காயிலோவர் என்பது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி. இந்த மூன்று ஆலோசனைகளுமே ஏதோ ஒரு காருக்குச் சரியானவைதாம். உங்கள் காருக்கு எது சரி என்பது, சாய்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே சொல்லக்கூடியது. தாழ்ந்து தெரியும் மூலை ஒன்றாகவும் தவறு நேர்ந்த மூலை வேறொன்றாகவும் இருப்பது இந்தச் சிக்கலில் மிகச் சாதாரணம். நம் ஊர்ச் சாலைகளில் பெருமளவில் ஓடும் அமைப்பையே, அதாவது ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் இருப்பதுபோல் முன்பக்கம் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்) பின்பக்கம் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்திரம்) கொண்ட அமைப்பையே, இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் சோதிக்கப்போகிறேன். முதலாவது, அது காரணத்தைத் தீர்க்கிறதா, அல்லது சாய்வைக் கண்ணிலிருந்து மறைக்கிறதா? இரண்டாவது, நான்கு சக்கரங்களின் மேல் விழும் எடையை அது என்ன செய்கிறது? பிரேக்கும் வளைவில் பிடிப்பும் இதைப் பொறுத்தவை என்பதால், என் கணக்கில் இதுவே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். மூன்றாவது, பொருளின் விலை போக வேறு என்னென்ன செலவு பின்னால் வரும்? வீல் அலைன்மென்ட், இரண்டாம் முறை கழற்றிப் பூட்டும் கூலி, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள் ஆகியவை இதில் அடங்கும். நான்காவது, பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தகராறாகலாம். கீழே வரும் வழிகளில் சில இந்தச் சுமையைக் கூட்டுகின்றன, ஒன்று மட்டும் முழுவதும் இறக்கிவைக்கிறது.

## ஒப்பிடும் முன்: சாய்வு உண்மையா?

தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை அளப்பதே வழக்கம். அதில் டயரின் காற்றும் தேய்மானமும் தரையின் சரிவும் கலந்துவிடும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதே நம்பத்தக்கது. நான்கு டயர்களிலும் சரியான காற்று, வண்டிக்குள் சாமான் எதுவும் இல்லாத நிலை, நேராகத் திருப்பி வைத்த ஸ்டியரிங் ஆகிய மூன்றும் கட்டாயம். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கவே கூடாது. தூக்கும்போது உள்நோக்கி நகர்ந்த டயர்கள், இறக்கியபின் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருக்கும். பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் இரண்டு மூன்று முறை அழுத்தி விட்ட பிறகே வண்டி தன் இயல்பான உயரத்துக்கு வரும்.

வீட்டு வாசலும் கார் ஷெட்டும் தண்ணீர் வடிவதற்காகவே சரிவாகக் கட்டப்பட்டவை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் ஒன்றை இரவல் வாங்கி, நான்கு சக்கரங்கள் நிற்கும் இடங்களும் ஒரே மட்டமா என்று பாருங்கள். இல்லையென்றால் வீல் அலைன்மென்ட் மேடையில் அளந்துகொள்ளலாம். அது மட்டம் பார்த்து நிறுவப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

நான்கு அளவுகளையும் எழுதியபின் ஒரு எளிய சோதனை உண்டு. காரின் உடல் விறைப்பான ஒரே பெட்டி. அது வலப்பக்கம் சாய்ந்தால் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சாய முடியும். முன்பக்கத்தில் இடத்துக்கும் வலத்துக்கும் 9 மி.மீ. வேறுபாடு இருந்தால், பின்பக்கத்திலும் அதே திசையில் 8 அல்லது 10 மி.மீ. தெரிய வேண்டும். முன்னால் 12 மி.மீ., பின்னால் சுழியம் என்று வந்தால், பெரும்பாலும் தவறு ஸ்பிரிங்கில் இல்லை. தரை மட்டமில்லை, அல்லது எப்போதோ டிங்கர் வேலை பார்த்த ஃபெண்டர் சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஃபெண்டரை விட்டுவிட்டு, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் விளிம்பிலிருந்து மட்டமான தரை வரை அளந்து பார்க்க வேண்டும். "ஒரே ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கிறது" என்று வரும் கேள்விகளுக்கு நான் முதலில் கேட்பது இந்தப் பின்பக்க அளவைத்தான்.

எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்? புதிய காரே மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்பதில்லை. எரிபொருள் தொட்டி, பேட்டரி, வலப்புறம் அமரும் ஓட்டுநர் என எடை இரு பக்கமும் சமமாக இல்லை. 5 மி.மீ.க்குள் இருந்தால் கைவைக்காமல் விடுங்கள் என்பதே என் ஆலோசனை. அந்த அளவைச் சரிசெய்யக் கழற்றிப் பூட்டுவதில் புதிய தவறு நுழையும் வாய்ப்பே அதிகம்.

## முன்னாலா, பின்னாலா?

சாய்வு உறுதியானால், அடுத்து அது எந்த அச்சிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு கால்களில் ஒன்று குட்டையான கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டுக் கால் குட்டையானாலும் கால்மாட்டுக் கால் குட்டையானாலும் கட்டில் முழுவதும்தான் சாய்கிறது. சாய்வைப் பார்த்து எந்தக் கால் என்று சொல்ல முடியாது.

காரில் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பின்பக்கத்தின் நடுவில் ஜாக்கி வைக்கக் கையேடு அனுமதிக்கும் இடம் இருந்தால், அங்கே ஒற்றை ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். கைப்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, அவை இப்போது அந்தரத்தில் இருக்கின்றன. ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பதும், வண்டிக்கு அடியில் யாரும் போகாமல் இருப்பதும் உயிர் சம்பந்தப்பட்டவை. இந்த நிலையில் உடலின் சாய்வைத் தீர்மானிப்பவை முன் ஸ்பிரிங்குகள் மட்டுமே. முன்பக்க வேறுபாடு அப்படியே இருந்தால் தவறு முன்னால், மறைந்துவிட்டால் தவறு பின்னால். டார்ஷன் பீமின் நடுவில் ஜாக்கி வைப்பதைப் பல கையேடுகள் தடைசெய்கின்றன. அத்தகைய காரில் இந்தச் சோதனையைத் தவிர்த்து, ஸ்டேபிலைசர் பாரின் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்க இரு பக்கங்களையும் இணைக்கும் கம்பி) ஒரு பக்க லிங்க்கை, அதாவது அதன் நுனியை இணைக்கும் சிறு தண்டை, கழற்றிவிட்டு அளக்கலாம். அளவு மாறினால் பார் முறுகிய நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது இரு லிங்க்குகளும் ஒரே நீளமில்லை என்று பொருள்.

இதைச் செய்யாமல் விட்டதன் விலையை நான் அறிவேன். என் காரின் வலப்பக்கம் 9 மி.மீ. தாழ்ந்தபோது, வேலை பார்த்த பட்டறை வலது முன் ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்தது. வண்டி நேராக நின்றது, நானும் நிறைவடைந்தேன். முதல் மழையில், ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தபோது வண்டி வலப்பக்கம் இழுத்தது. பின்னர் வேறொரு மெக்கானிக் இடது பின் ஸ்பிரிங்கைக் கழற்றியபோது, பழைய ரப்பர் சீட்டை (ஸ்பிரிங்கின் நுனி உட்காரும் ரப்பர் தட்டு) எடுக்காமல் அதன்மேல் புதியதையும் வைத்திருந்தது தெரிந்தது. ஸ்பிரிங்கின் நுனியும் சீட்டின் படிக்குள் உட்காராமல் அதன் விளிம்பில் ஏறி நின்றது.

நடந்தது என்னவென்றால், உயரமாகிப்போன இடது பின் மூலை அந்த மூலையையும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள வலது முன் மூலையையும் ஏற்கெனவே கூடுதல் சுமைக்கு உள்ளாக்கியிருந்தது. வலது முன்னில் வைத்த ஸ்பேசர் உடலை நேராக்கியது. ஆனால் அதே மூலைவிட்டத்தின் சுமையை இன்னொரு மடங்கு கூட்டியது. இடது முன் சக்கரம் லேசானது, ஈரத்தில் பிடிப்பை முதலில் இழந்ததும் அதுவே. பார்வைக்கு நேராக நிற்கும் கார் நான்கு சக்கரங்களிலும் சரியாக நிற்கிறது என்று பொருளல்ல. கீழே உள்ள ஒப்பீட்டில் எடைப் பகிர்வை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

## வழி 1: புஷ்களைத் தளர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போது முறுக்குதல்

முன்சக்கரத்தை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மிலும், பின்னால் டார்ஷன் பீமிலும், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் உள்ளே இருக்கும் உலோகக் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் அசையாது, ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகுகிறது. இரண்டு தூண் லிஃப்ட்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து, ஒரு சிறு ஸ்பிரிங்போல வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். தாழ்த்திய வண்டியில் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் இடையிலான கோணம் மாறிப்போவதால் பழைய இறுக்கமும் பொருந்தாது. ஒரு பக்கப் போல்ட்டைத் தளர்த்தி மறுபக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தால் சாய்வு நிச்சயம்.

இதற்கான தீர்வுக்குப் பொருட்செலவே இல்லை. நான்கு தூண் லிஃப்ட்டிலோ குழியின் மேலோ, சக்கரங்களின் மேல் முழு எடையும் இருக்கும் நிலையில் எல்லா புஷ் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியை அழுத்தி விட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்க வேண்டும். அலைன்மென்ட் மேடைகள் பெரும்பாலும் இத்தகைய லிஃப்ட்டாகவே இருப்பதால், அலைன்மென்ட்டுக்குச் சற்று முன் அங்கேயே செய்துகொள்வது சிக்கனம். வரிசை மாறக் கூடாது. உயரம் மாறினால் டோ அளவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும் என்பதால், அலைன்மென்ட் செய்தபின் புஷ்களைத் தளர்த்தினால் கொடுத்த காசு வீண்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான். பல ஆண்டுகள் ஓடிய காரில் துருப்பிடித்த போல்ட் புஷ்ஷின் குழாயோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உடையலாம். கடற்கரை ஊர்களில் ஓடிய கார்களில் இது அதிகம். முறுகிய நிலையிலேயே பல மாதங்கள் ஓடியிருந்தால் ரப்பர் கிழிந்திருக்கவும் கூடும், அப்போது புஷ்ஷையே மாற்ற வேண்டும். எனினும் ஸ்பிரிங் மாற்றிய எவரும், எந்தக் காராக இருந்தாலும், முதலில் செய்ய வேண்டியது இதுவே. எடைப் பகிர்வை இது கெடுக்காது, சாய்வு குறையாவிட்டாலும் புஷ்களின் ஆயுள் கூடும்.

## வழி 2: ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் பார்த்தல், தேவையானால் புதிய ஜோடி

இதற்கு முன் ஒரு பத்து நிமிடப் பார்வை: ஸ்பிரிங் தலைகீழாக மாட்டப்படவில்லையா, நுனி சீட்டின் படியில் முட்டி நிற்கிறதா, ரப்பர் சீட் இரு பக்கமும் ஒரே மாதிரியா, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர்) ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாமல் விட்டிருக்கிறதா? சில கார்களுக்கு இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி எண்ணுள்ள ஸ்பிரிங்குகள் உண்டு. அவை மாறியிருக்கவும் கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சாய்ந்தால், ஸ்பிரிங்கின் மேல் சந்தேகம் கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பியில் 0.15 மி.மீ. கூடினாலே விறைப்பு ஏறத்தாழ 5 சதவீதம் ஏறும். வண்டி நிற்கும்போது 100 மி.மீ. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கில் அந்த 5 சதவீதம் உயரத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. வேறுபாடாகத் தெரியும். இரண்டையும் தரையில் நிறுத்தி ஒரே நீளம் என்று காட்டுவது எதையும் நிரூபிப்பதில்லை. சுமையின் கீழ் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கம் மாற்றிப் பார்ப்பதே தெளிவான சோதனை. சாய்வு ஸ்பிரிங்கோடு சேர்ந்து மறுபக்கம் போனால் ஸ்பிரிங் குறைபாடுள்ளது. முன்பின் அளவுகளைப் படமெடுத்து வைத்து, விற்றவரிடம் ஜோடியாக மாற்றித் தரக் கேட்கலாம். சாய்வு பழைய பக்கத்திலேயே நின்றால், ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். கேஸ் நிரப்பிய ஷாக்கின் அழுத்தம் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 20 மி.மீ. தண்டும் 5 பார் அழுத்தமும் உள்ள ஸ்ட்ரட்டில் அந்தத் தள்ளுவிசை சுமார் 157 நியூட்டன், அதாவது 16 கிலோ. ஒரு பக்கம் கேஸ் கசிந்து தீர்ந்தால், மி.மீ.க்கு 24 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கில் அந்த மூலையின் ஆதரவு 6 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. எண்ணெய் வழிந்த தடம் இல்லாமலும் இது நேரும்.

இந்த வழியின் உண்மையான செலவு கூலியில் இருக்கிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் நக்கிள் போல்ட்டுகள் தளர்வதால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மாறும், அலைன்மென்ட் மறுபடி தேவை. ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) நல்ல நிலையில் இல்லாத பட்டறையில் இதைச் செய்ய விடாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். புதியது வாங்கினால் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒன்று மட்டும் மாற்றினால், உயரம் ஒத்துப்போனாலும் விறைப்பு ஒத்துப்போகாது.

மாட்டி இருநூறு முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்பிரிங்குகளுக்கு அவசரம் வேண்டாம். புதியவை சிறிது அமுங்கி நிலைகொள்ளும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தானாகச் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை.

## வழி 3: ஒரு பக்கம் ஸ்பேசர்

இங்கே இரண்டு பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்று, ஸ்பிரிங்குக்கும் அதன் சீட்டுக்கும் இடையில் வைக்கும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையம். இது விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டும். மற்றொன்று, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் திணிக்கும் பஃபர். அது இடையிலுள்ள சுற்றை வேலை செய்யவிடாமல் தடுத்து விறைப்பைக் கூட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் பஃபர் போட்டால் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடக்கும். சாய்வைச் சரிசெய்யப் பஃபர் வேண்டவே வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் வளையத்துக்கு மட்டும்.

ஸ்ட்ரட் அமைப்பில் 5 மி.மீ. வளையம் அந்த மூலையை ஏறத்தாழ 5 மி.மீ. நீட்டிக்கும். ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்தள்ளி அமைந்த அமைப்புகளில் அதே வளையம் சக்கரத்தில் 7 மி.மீ. வரை விளைவு காட்டலாம். நான்கு மூலைகளும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒரு மூலையை 5 மி.மீ. உயர்த்தினால் உடலின் சாய்வு அதைவிடக் குறைவாகவே மாறும். இதை அறியாமல் வளையத்தின் மேல் வளையமாக அடுக்குபவர்கள் உண்டு. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் தருணத்தையும் ஒவ்வொரு வளையமும் நெருக்கிக் கொண்டுவருகிறது. தாழ்த்திய காரில் அந்த இடைவெளி ஏற்கெனவே குறைவு.

விலை மிகக் குறைவு, திரும்ப எடுப்பதும் எளிது. ஆனால் தவறான மூலையில் வைத்தால் நேரும் மறைவான கேட்டை மேலே சொன்னேன். தவறு எந்த அச்சில் என்று சோதித்து, புஷ்களை முறுக்கி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் நல்லவை என்று உறுதிசெய்த பிறகும் 6 முதல் 10 மி.மீ. வரை எஞ்சினால், தாழ்ந்த பக்கத்தில் அந்த அச்சில் ஒரு 5 மி.மீ. வளையம் வைப்பது நேர்மையான தீர்வு. ஒரே ஆள் தினமும் தனியாக ஓட்டும் காரில் வலப்பக்கம் நிரந்தரமாகச் சற்றுத் தாழ்வதற்கும் இது பொருந்தும். 10 மி.மீ.க்கு மேல் வளையம் கேட்கும் கார், வேறு எதையோ சொல்கிறது.

## வழி 4: காயிலோவர்

மரையிட்ட ஷாக் குழாயில் வளையத்தைத் திருகி ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய இந்த அமைப்பு, சாய்வுக்கு இறுதித் தீர்வு என்று விற்கப்படுகிறது. முன்னே சொன்ன எல்லாத் தவறுகளும் காயிலோவரிலும் நேரும் என்பதே என் எதிர்வாதம். கூடவே நான்கு மூலைகளையும் திருகும் வசதி, நான்கு மூலைகளிலும் தவறு செய்யும் வசதியாகவும் இருக்கிறது. உடல் நேராகத் தெரியும்வரை திருகிக்கொண்டே போனால், என் ஸ்பேசர் செய்ததையே பெரிய செலவில் செய்ய முடியும்.

இதைச் சரியாகப் பயன்படுத்த, முதலில் இரு பக்க மரை நீளத்தையும் சமமாக வைத்து, ஸ்டேபிலைசர் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஓட்டுநரின் எடைக்கு இருக்கையில் மூட்டை வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் கீழே தனித்தனித் தராசு வைத்து அளக்க வேண்டும். வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்த எடை மொத்தத்தில் 50 சதவீதத்துக்கு அருகில் வரும்படி திருத்த வேண்டும். அந்தத் தராசும் அதில் பழகிய கையும் பந்தயக் குழுக்களிடம் இருக்கும், தெருமுனைப் பட்டறையில் இருப்பதில்லை.

காயிலோவரின் விலையோடு இந்த அமைப்புக் கூலியையும், தூசியும் சேறும் ஏறும் மரைகளை ஆண்டுதோறும் கழுவி எண்ணெயிடும் வேலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மழைக்காலத்துக்குப் பின் திருகு வளையம் இறுகிப்போய் அசையாது என்றால், வாங்கியதன் நோக்கமே போய்விடுகிறது. பல மாதிரிகளில், காரின் உடலோடு இணையும் மேல் மவுண்ட்டில் ரப்பருக்குப் பதில் உலோக மூட்டு இருப்பதால், ஒவ்வொரு குழியிலும் சத்தம் கேட்கும்.

செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலோ தவறாமல் ஓட்டுபவருக்கு, இந்தச் செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும். அவர் சாய்வு இல்லாவிட்டாலும் இதை வாங்கியிருப்பார். சாய்வுக்காக மட்டும் வாங்குபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 5: பழைய ஸ்பிரிங்குக்குத் திரும்புதல்

இதைத் தோல்வியாகப் பலர் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டப்பட்ட வேகத்தடையே 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. ஊருக்குள் சிமென்ட்டைக் குவித்துக் கட்டியவை அதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. 163 மி.மீ. தரை இடைவெளியுள்ள காரை 35 மி.மீ. இறக்கினால் 128 மி.மீ. மிஞ்சுகிறது. நான்கு பேர் ஏறினால் அதிலும் குறையும். குடும்பத்துக்கு ஒரே கார் என்றால், சாய்வைத் திருத்தச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

திரும்புவது நோயறியும் கருவியும்கூட. பழைய ஸ்பிரிங்கிலும் சாய்வு அப்படியே இருந்தால், தவறு புதிய ஸ்பிரிங்கில் இல்லை, ஷாக்கிலோ, புஷ்ஷிலோ, முன்பு அடிபட்ட உடலிலோ தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். கழற்றிய ஸ்பிரிங்குகளையும் ரப்பர் சீட்டுகளையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கும், பம்ப் ஸ்டாப்பை வெட்டியவர்களுக்கும் அவற்றைப் புதிதாக வாங்கும் செலவு சேரும். சட்டச் சுமையையும் காப்பீட்டுத் தகராறையும் ஒருசேர நீக்கும் வழி இது ஒன்றே.

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிச் சமப்படுத்துவதையும், தீயில் காட்டி அமுக்குவதையும் வழிகளாகவே நான் சேர்க்கவில்லை. வெட்டிய நுனி சீட்டில் உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நழுவும். சூடேறிய எஃகு தன் பதத்தை இழந்து எந்த நாளும் உடையும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைத் தீர்க்குமா? | எடைப் பகிர்வு | தெரியாமல் சேரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| புஷ் மறுமுறுக்கு | புஷ்தான் காரணமென்றால் முழுமையாக | கெடாது | துருப்பிடித்த போல்ட், கிழிந்த புஷ் | எல்லோரும், முதலில் |
| ஸ்பிரிங் பக்கம் மாற்றுதல், புதிய ஜோடி | ஸ்பிரிங் குறைபாடு என்றால் ஆம் | சீராகும் | இரட்டைக் கூலி, மறு அலைன்மென்ட் | உத்தரவாதம் உள்ள புதிய ஸ்பிரிங் வாங்கியவர் |
| வளைய ஸ்பேசர் | இல்லை, ஈடுசெய்யும் | தவறான மூலையில் கெடும் | குறைவு | சோதனைகளுக்குப் பின் 6 முதல் 10 மி.மீ. எஞ்சியவர் |
| காயிலோவர் | தானாகத் தீர்க்காது | தராசில் வைத்தால் மிகச் சீர், கண்ணளவில் வைத்தால் கெடும் | அமைப்புக் கூலி, பராமரிப்பு, சத்தம் | பந்தயப் பாதையில் ஓட்டுபவர் |
| பழைய ஸ்பிரிங் | பெரும்பாலும் ஆம் | பழைய நிலை | தொலைந்த பாகங்கள் | குடும்பத்தின் ஒரே கார் |

## செலவழிக்கும் வரிசை

கையில் உள்ள பணம் ஒரு அலைன்மென்ட்டுக்கு மட்டும் போதும் என்றால், அளப்பதும் புஷ் முறுக்குவதும் அதே நாளில் முடியட்டும். அதற்கு மேல் இன்னொரு நாள் கூலி கொடுக்க முடியுமானால் ஸ்பிரிங் சீட்டுகளைத் திறந்து பாருங்கள். கூடவே பின்பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள், முன்பக்கம்தான் தாழ்ந்து தெரிகிறது என்று மெக்கானிக் மறுத்தாலும். ஸ்பேசர் இதற்கெல்லாம் பிறகு.

எந்த வழியைத் தேர்ந்தாலும், நான்கு மூலைகளின் அளவையும் தேதியோடும் ஓடோமீட்டர் எண்ணோடும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், அதே இடத்தில், அதே அளவு காற்றோடு மறுபடி அளந்து பாருங்கள். முன்பக்க உயரமும் சாய்வும் மாறினால் முன்விளக்குகளின் வீச்சும் மாறியிருக்கும். அலைன்மென்ட் முடிந்த அன்றே, எதிரே வருபவரின் கண்ணில் படாதபடி அவற்றையும் சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.